மாமனார் இறங்கிப் போன சிக்னல்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் சேவல் கூவுவதற்கு முன்பே சின்னராசு வண்டியை உதைக்கும் சத்தம் கேட்கும். பனி விழும் மாதங்களில் அது ஒரே உதையில் கிளம்பாது. சோக்கை இழுத்து, நாலைந்து உதை உதைத்து, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகுதான் இருமிக்கொண்டு உயிர் பிடிக்கும். அதற்குள் பக்கத்துக் காட்டு நாய்கள் குரைத்து ஓய்ந்திருக்கும்.

அவனுக்கு வேலை நாமக்கல்லில். லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. தேய்ந்த டயரை மிஷினில் மாட்டிச் சுரண்டுவது அவன் வேலை. நாள் முழுக்கக் கருப்புத் தூள் பறக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினாலும் கருப்பாகத்தான் வரும். மலையில் இருந்துகொண்டு தினமும் கீழே போய் வருகிறவன் என்று அவனைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்படுகிறவன் யாராவது ஒரு வாரம் அந்த வண்டியில் போய் வந்து பார்க்கட்டும் என்று சின்னராசு நினைத்துக்கொள்வான்.

செம்மேடு வரைக்கும் மூடுபனி. அப்புறம் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிரே ஏறுகிற லாரிக்கு ஒதுங்கி, காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேரும்போது இரண்டு மணிக்கட்டும் கழன்றுவிட்டதுபோல் இருக்கும். அங்கே ஸ்வெட்டரைக் கழற்றி டேங்க் உறைக்குள் திணிப்பான். காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காற்றில் சூடு ஏறிவிடும். சேந்தமங்கலத்தில் ஆடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்து நிற்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாமக்கல்லுக்குள் நுழைந்ததும்தான் ஆரம்பிக்கும். முட்டை லாரி, டேங்கர் லாரி, கோழித்தீவன லாரி, ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் நிறக் காலேஜ் பஸ். குழாய் பதிக்க ஒரு ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். நேற்று போன வழி இன்றைக்கு இருக்காது. எழுபது வளைவு இறங்கி வந்தவன் கடைசி இரண்டு கிலோமீட்டரில் காலை ஊன்றி ஊன்றித் தவளைபோல நகர வேண்டும்.

இந்தப் பாட்டோடுதான் போன வருஷத்திலிருந்து மாமனாரும் சேர்ந்துகொண்டார்.

சின்னராசு எடப்புளி நாட்டுக்காரன். மாமனார் மாரப்பனுக்கு ஒரே மகள் பூங்குழலி. மாமியார் காலமாகிவிட்டதால், கல்யாணம் முடிந்ததும் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் மலையில் எகத்தாளமாகத்தான் பார்ப்பார்கள். அவன் ஓட்டுகிற வண்டிகூட மாரப்பன் ஒரு வருஷத்து மிளகை விற்று வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் கால் வீங்கி மூச்சு வாங்கிக் கீழே கூட்டிக்கொண்டு போனபோது, மாரப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டு அட்டைக்குப் பார்க்கிற ஒரு ஆஸ்பத்திரி நாமக்கல்லில் கிடைத்தது. காலை ஷிப்டில் இடம் வேண்டுமென்று சின்னராசுதான் கேட்டு வாங்கினான். மலையிலிருந்து வரும் முதல் பஸ் அந்த நேரத்துக்கு வந்து சேராது. அவரை வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவன் பட்டறைக்குப் போய்விடலாம். மதியத்தோடு அவருக்கு முடிந்துவிடும். சாயங்காலம் அவன் வரும்வரைக்கும் வராந்தா பெஞ்சில் படுத்திருப்பார்.

மாரப்பனின் இடது கையில் ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. வலது கை ஒன்றுதான். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சின்னராசு எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"மருமவன் இடுப்பக் கட்டிப் புடிச்சுட்டு வர்றதுக்கு நான் என்னுங்க சின்னப் பொண்ணா?"

அப்படிச் சொல்லிவிட்டு அவன் தோள்பட்டைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். அந்த இடத்தில் அவனுடைய சட்டைகள் எல்லாம் தையல் விட்டுப் போயிருந்தன. போலீஸ்காரர் ஒருதரம் பிடித்த பிறகு பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் போட்டாக வேண்டியதாயிற்று. அதைப் போட்டால் தனக்குக் காது கேட்பதில்லை என்பார். தனக்குக் கேட்காததால் மற்றவருக்கும் கேட்காது என்று முடிவு செய்து, கத்துவார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் ஹெல்மெட் வந்து இவன் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டும்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மிளகு பறிப்பு முடிகிற தறுவாய். முந்தின நாள் சாயங்காலமும் சின்னராசு பட்டறையிலிருந்து வந்ததும் ஏணி ஏறியிருந்தான். தொடை இரண்டும் வலி. காலையில் பூங்குழலி மாரப்பனுக்குச் சாமைச் சோறும், இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய மரவள்ளிக் கிழங்கில் நாலு துண்டும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். உப்பு கிடையாது.

"இதத் திங்கறதுக்கு மாட்டுக்குப் போடற வக்கலத் திங்கலாம்," என்றார் மாரப்பன்.

"வக்கல்லயும் உப்பு இருக்குதாம்ப்பா. டாக்டரு வேண்டாம்னுட்டாரு," என்றாள் பூங்குழலி.

இறங்கும்போது வழக்கம்போல ஒவ்வொரு வளைவிலும் அவர் பேசிக்கொண்டே வந்தார். மெதுவாகப் போனால் வேகமாகப் போகச் சொன்னார். வேகமாகப் போனால் ஹெல்மெட்டால் முட்டினார். சேந்தமங்கலத்தைத் தாண்டும்போது சின்னராசுவின் போன் அடிக்க ஆரம்பித்தது. பட்டறை முதலாளி ரமேஷ்குமார்தான் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு லாரிக்காரருக்குப் பத்து டயர் முடித்துக் கொடுக்க வேண்டும். சீக்கிரம் வந்து மிஷினைப் போடு என்று முதல்நாளே சொல்லியிருந்தான். இரண்டு முறை மாரப்பனுக்குத் தலைசுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, பாதி வேலையில் ஓடிப் போயிருக்கிறான் சின்னராசு. இனி ஒருமுறை போனால் திரும்பி வராதே என்று ரமேஷ்குமார் சொல்லியும் இருந்தான்.

நாமக்கல்லில் வழக்கமாகப் போகும் ரோட்டில் தட்டி வைத்து மறித்திருந்தார்கள். எல்லா வண்டியையும் ஒரே சந்துக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். சந்து போய்ச் சேருகிற சிக்னலில் நாலா பக்கமும் வண்டி. பச்சை விழுந்தால் இரண்டு பஸ் போகும், உடனே சிவப்பு. முன்னால் ஒரு முட்டை லாரியின் பின்பக்கம். பின்னால் ஒரு காலேஜ் பஸ், டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வெயில் அதற்குள் கழுத்தில் ஏறிவிட்டது. போன் மறுபடியும் அடித்தது.

"மாப்ள! எடப்பக்கம் சந்து இருக்குதுங்க, பூந்துருங்க!"

"அது சாக்கடை மாமா."

"அந்த ஸ்கூட்டிக்காரி போறாளே!"

"அவ கடைக்குப் போறா."

"நீங்க எப்பவும் இப்பிடித்தான். எல்லாத்துக்கும் வழி உட்டுட்டு நிப்பீங்க."

வண்டிகள் அரை அடி நகர்ந்தன. எவனோ குறுக்கே புகுந்தான். சின்னராசு பிரேக் பிடித்தான். டொக்.

"பாத்து ஓட்டுங்க மாப்ள! ஏனுங்க, அங்க எளநீ வெட்டறான் பாருங்க. சித்தெ ஓரங்கட்டுங்க. நாக்கு ஒட்டிக்குது."

"எளநீ குடிக்கக் கூடாது மாமா."

"ரெண்டே முழுங்கு."

"குடிச்சா நெஞ்சு நின்னு போயிரும்னு டாக்டரு சொன்னாரா இல்லயா?"

"டாக்டரு இந்த வெயில்ல இந்த வண்டில வந்தாரா? தண்ணி குடிக்கக் கூடாது, எளநீ குடிக்கக் கூடாது, பழம் திங்கக் கூடாது. நீங்களும் உங்க ஊட்டுக்காரியும் சேந்து என்ன உப்பில்லாமக் கொல்றீங்க. என்ற காசுல வாங்குன வண்டி, ஒரு ஓரமா நிறுத்துங்கன்னா நிறுத்த மாட்டீங்க…"

சின்னராசு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எறங்குங்க! எறங்குங்க மாமா! இனி உங்களக் கூட்டியார என்னால ஆவாது. வாரத்துல ரெண்டு நாளு என்ற உசுரு போயிப் போயி வருது. வேல போவப்போவுது. எளநீ குடிங்க, பலாப்பழம் தின்னுங்க, என்னமோ பண்ணுங்க. என்ன உட்ருங்க!"

பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் பிடி விட்டது. வண்டி லேசானது. மாரப்பன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதைச் சீட்டின்மேல் ஒழுங்காக வைத்துவிட்டு, முட்டை லாரிக்கும் ஒரு ஆட்டோவுக்கும் நடுவில் நடந்து போனார். உடனே பச்சை விழுந்தது.

"மாமா! ஏனுங்க மாமா!"

காலேஜ் பஸ் பின்னாலிருந்து தள்ளுவதுபோல் வந்தது. ஹெல்மெட் ரோட்டில் விழுந்து உருண்டது. அதைக் குனிந்து எடுப்பதற்குள் மூன்று பேர் அவனைத் திட்டிவிட்டார்கள். நடுவில் இரும்புத் தடுப்பு. திரும்ப வழியில்லை. அந்த ரோட்டின் கடைசிவரைக்கும் போய், கோட்டை மலையைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் அதே சந்துக்குள் நுழைந்து, மறுபடியும் தவளை மாதிரி நகர்ந்து, அதே சிக்னலுக்கு வந்தபோது அங்கே மாரப்பன் இல்லை.

இளநீர்க்காரரிடம் கேட்டான்.

"தோள்ல துண்டு போட்ட பெரியவரா? இங்க வரவே இல்லீங்களே."

இளநீர் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் இன்னும் ஆத்திரமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸ் மோனிஷா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எங்கண்ணா தாத்தா? மிஷின ரெடி பண்ணி வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"வரலீங்களா?"

"என்னக் கேக்கறீங்க? நீங்கதான கூட்டிட்டு வரணும்? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இன்னைக்குத்தான். விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், தெரியுமில்ல?"

தெரியும். மாரப்பனின் போன் டேங்க் உறைக்குள் ஸ்வெட்டருக்கு அடியில்தான் கிடந்தது. சின்னராசு வீட்டுக்குக் கூப்பிட்டான். பூங்குழலி எடுக்க நேரமாயிற்று. மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணிமேல் நிற்கிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"உங்கப்பாவக் காணோம்."

"என்னுங்க சொல்றீங்க?"

"சிக்னல்ல எறங்கிப் போயிட்டாரு."

"சும்மா எறங்கிப் போயிட்டாரா? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஏனுங்க."

"எறங்குங்கன்னு சொன்னேன்."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எங்கப்பனுக்கு அந்த ஊர்ல ஆஸ்பத்திரியும் தெரியாது, அரமணையும் தெரியாது. கோவம் வந்தா ஊட்டுக்குத்தான் வருவாரு. பஸ் ஸ்டேண்டப் போயிப் பாருங்க. பஸ்ஸு கெளம்பிருச்சுன்னா பின்னாலயே போங்க. அவரு இல்லாம நீங்க மட்டும் மேல வந்துராதீங்க. சொல்லிட்டேன்."

பஸ் நிலையத்தில் கொல்லிமலை வண்டி இப்போதுதான் போகிறது என்றார்கள். போன் அடித்தது. ரமேஷ்குமார். சின்னராசு எடுக்கவில்லை. வந்த வழியிலேயே வண்டியைத் திருப்பினான். வேலைக்குப் போகும் கூட்டம் எல்லாம் ஊருக்குள் வந்துகொண்டிருக்க, அவன் ஒருவன் அவர்களுக்கு எதிரே ஊரைவிட்டுப் போனான். சேந்தமங்கலத்தில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு டிராக்டர் குறுக்கே வந்து மறைத்தது. காளப்பநாயக்கன்பட்டி நிறுத்தத்தில் கோழிக்கூடையும் மூட்டையும் மேலே ஏற்ற பஸ் நின்றபோதுதான் எட்டிப் பிடித்தான். ஜன்னலோரத்தில் மாரப்பன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வளப்பூர் நாட்டுக் கண்ணாயி, மடியில் மளிகைப் பையோடு.

"மாமா, எறங்குங்க."

"காலைல சொன்னீங்க. எறங்கிட்டேன். ஒரு நாளைக்கு எத்தன தடவை எறங்கறதுங்க?"

கண்ணாயி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிஷின் காத்துட்டு இருக்குது மாமா. நர்ஸ் திட்டறாங்க."

"அவங்களயே படுத்துக்கச் சொல்லுங்க."

"நான் பேசுனது தப்புங்க. வெயில்ல என்னமோ வாய்ல வந்துருச்சு."

"நீங்க பேசுனதுல தப்பே இல்லீங் மாப்ள." மாரப்பன் இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தார். "நெசத்தத்தான் சொன்னீங்க. உங்களுக்கும் உசுரு போயிப் போயி வருது, எனக்கும் அப்பிடித்தான். அந்த மிஷின்ல படுத்தா ஒடம்புல இருக்கறத உருவி உருவித் திரும்ப ஊத்தறாப்பல இருக்குதுங்க. அதுக்குப் போறதுக்கு முன்னால அந்த ரோட்டுல ஒருக்காச் சாவோணும். வர்றப்ப ஒருக்கா. எதுக்கு? ஊட்டுல கட்டல்ல படுத்து ஒரே தடவயாச் செத்துக்கறேன்."

"ஏனுங்கண்ணா, என்ன பேச்சுப் பேசறீங்க?" என்றாள் கண்ணாயி.

"நீ சும்மா இரு."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, எறங்கறதுன்னா எறங்குங்க. டிக்கெட்டு போச்சுன்னா போச்சு. வண்டிய எடுக்கோணும்."

"எறங்கல. நீங்க விசில ஊதுங்க."

சின்னராசுவுக்குக் கெஞ்சவும் வரவில்லை, கோபப்படவும் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவனும் குடித்திருக்கவில்லை.

"நீங்க பாட்டுக்குச் செத்துப்போவீங்க," என்றான். "எவன் என்ன நம்புவான்? வண்டிலிருந்து எறக்கி உட்டுட்டான், மாமனாரு செத்துட்டாருன்னு மல பூராப் பேசுவாங்க. அவ என்ற மூஞ்சியத் திரும்பிப் பாப்பாளா? அந்த ஊட்டுல நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஒரு வாய் சோறு திங்கறது?"

மாரப்பன் மறுபடியும் நேரே முன்னால் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் உறுமியது. சின்னராசு வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஓடி, பின்படியில் ஏறிவிட்டான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மாரப்பனின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான்.

"நானும் வாரேன். போலாம். வேலையும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம்."

"வண்டி?" என்றார் மாரப்பன்.

"கெடக்கட்டும்."

"சாவி?"

"அதுலயே இருக்குது."

மாரப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். டீக்கடைக்கு முன்னால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஏனுங்க டிரைவரு, நிறுத்துங்க! இப்பிடியா வண்டிய நிறுத்துவாங்க? சைடு ஸ்டேண்டுகூடச் சரியாப் போடல. ஒரு வருசத்து மொளகு மாப்ள அது! எவனாச்சும் உருட்டிட்டுப் போனா அப்பறம் என்ன பண்ணுவீங்க? நகருங்க, வழி உடுங்க. கண்ணாயி, கால எடு!"

பஸ் நின்றது. கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மாரப்பன் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி இருந்த இடத்துக்கு மூச்சு வாங்க நடந்தார். சின்னராசு பின்னால் போனான்.

மறுபடியும் நாமக்கல். மறுபடியும் அந்தச் சந்து. மறுபடியும் அந்தச் சிக்னல்.

ஆஸ்பத்திரியில் மாரப்பனுடைய படுக்கையில் வேறு ஆள் படுத்திருந்தார். மோனிஷா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி பஞ்சருங்க சிஸ்டர்," என்றார் மாரப்பன், சின்னராசு வாயைத் திறப்பதற்கு முன்பே.

"இனிமே மத்தியான ஷிப்டுலதான் போட முடியும் தாத்தா. உக்காருங்க."

"மத்தியான ஷிப்டுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்றான் சின்னராசு.

"ஏன் இல்லாம? பாதி நாள் அதுல ரெண்டு பெட் காலியாத்தான் கெடக்குது."

"அப்ப மலையிலிருந்து வர்ற பஸ்ஸுக்கே வந்துரலாமே. சாயங்காலம் முடிஞ்சதும் நான் வந்து கூட்டிட்டுப் போயிரலாமே. இத்தன மாசமா ஏங்க சொல்லல?"

"நீங்கதானண்ணா காலைல வேணும்னு எழுதி வாங்குனீங்க? நீங்க கேக்கவே இல்லயே."

சின்னராசு பெஞ்சில் உட்கார்ந்தான். இந்த வருஷம் முழுக்க விடியுமுன் இறங்கிய ஒவ்வொரு வளைவும் தலைக்குள் சுற்றியது. மாரப்பன் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

அவன் பட்டறைக்குப் போனபோது அவனுடைய மிஷினில் வேறு ஒருவன் நின்று டயரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வந்து நின்ற லாரி போயிருந்தது. ரமேஷ்குமாருக்கு இவன் வயதுதான் இருக்கும். கத்துவான் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"நான் எத்தனதான் பொறுக்கறது சின்னராசு? நீ சொல்லு. அவனவன் ஊருக்குள்ள இருந்துட்டே வேலைக்கு வர மாட்டேங்கறான், நீ மலையிலிருந்து வர்ற, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா போன எடுக்கலாமில்ல? வேற எடம் பாத்துக்க."

சாயங்காலம் ஏறும்போது காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தினான். மாரப்பனுக்கு ஒரே ஒரு வாய். டம்ளரை வாங்கி மீதியைக் குடித்துவிட்டு, "வேல போயிருச்சுங் மாமா," என்றான்.

மாரப்பன் தலையை ஆட்டினார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எழுபது வளைவிலும் பின்னாலிருந்து ஒரு சொல் வரவில்லை. வேகமாக ஓட்டினான், மெதுவாக ஓட்டினான், வேண்டுமென்றே ஒரு குழியில்கூட இறக்கினான். ஒன்றும் இல்லை. அவர் திட்டுவதைவிட இது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் பூங்குழலி காய்ந்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். மதிய ஷிப்டு விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே போட்டாள்.

"ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னுங்க? ரெண்டு ஆம்பளயும் வருசம் பூரா அடிச்சுக்கிட்டு எறங்குனீங்க. ஒரு வாய் கேட்டிருந்தா நான் இவ்வள நாளு விடியக்காலம் எந்திரிச்சுக் கெழங்கு வேவிச்சிருப்பனா?"

"நாந்தான் கண்ணு பஸ்ஸேறி வந்தேன். அவர ஒண்ணும் சொல்லாத," என்றார் மாரப்பன்.

"உங்களயுந்தான் சொல்றேன். ரெண்டு பேரும் போயிக் கைகால் கழுவுங்க."

வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் பேசி முடிவாயிற்று. மாரப்பன் பஸ்ஸில் வருவது. துணைக்குப் பூங்குழலி. சின்னராசு விடிகாலையிலேயே கீழே போய், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் வேலை கேட்பது.

வெள்ளிக்கிழமை அவன் வண்டியைக் கிளப்பி, வெளிச்சத்தைப் போட்டுத் திரும்பினால், வாசலில் மாரப்பன் நின்றார். ஹெல்மெட் போட்டிருந்தார்.

"நீங்க எங்க மாமா? பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது."

"பஸ்ல எனக்கு வாந்தி வருதுங்க."

"அன்னைக்குப் போனீங்களே?"

"அன்னைக்குக் கோவத்துல போனேன். வாந்தி தெரியல."

உள்ளேயிருந்து பூங்குழலியின் குரல் வந்தது. "ஏறிட்டாரா? கூட்டிட்டுப் போங்க சாமி. என்னால இனிப் பேச முடியாது."

வழியெல்லாம் பழையபடி திட்டு. பிரேக்கைப் பிடி, பிரேக்கை விடு. சின்னராசு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். நாமக்கல்லில் அதே சந்து, அதே சிக்னல். இன்றைக்கு முன்னால் சிமெண்ட் லாரி.

"ஆஸ்பத்திரிக்கு மத்தியானந்தான். அதுவரைக்கும் உங்கள எங்க கொண்டுபோயி உக்கார வெக்கறது?"

"பட்டறைக்கு உடுங்க."

"எந்தப் பட்டறைக்கு?"

"உங்க பட்டறைக்கு. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த பேசோணும்."

"ஒண்ணும் பேச வேண்டாம் மாமா. எனக்கு மானம் போயிரும்."

"அப்ப நான் இங்கயே எறங்கிக்கறேன்."

தோளில் பிடி விட்டது. பின்னால் காலேஜ் பஸ் ஹாரன் அடித்தது. பச்சை விழுந்தது. சின்னராசு கையைப் பின்னால் நீட்டி அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினான்.

ரமேஷ்குமார் அப்போதுதான் வந்து ஷட்டருக்கு முன்னால் நின்றிருந்தான். செவ்வாய்க்கிழமை மிஷினில் நின்ற புது ஆளைக் காணோம்; இரண்டு நாளில் நின்றுவிட்டான் என்பது ரமேஷ்குமார் முகத்திலேயே தெரிந்தது. மாரப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவனுக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடவில்லை.

"தம்பி, அன்னைக்கு நடுரோட்டுல எறங்கிப் போனது நாந்தானுங்க. இவரு மேல தப்பில்ல. இனி நான் மத்தியானந்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். இவர யாரும் கூப்புட மாட்டாங்க."

"அது சரிங்க பெரியவரே. எதுக்கு எறங்குனீங்க?"

"இவரு வண்டி ஓட்டறது அப்பிடிங்க தம்பி. மனுசன் பின்னால உக்கார முடியாது. வேலைக்கு வெச்சுக்கங்க, டயரு வேல நல்லாத்தான் செய்வாரு போல இருக்குது. வண்டி மட்டும் ஓட்டக் குடுத்துராதீங்க."

சின்னராசு கண்களை மூடிக்கொண்டான். ரமேஷ்குமார் சிரிக்காமல் இருக்க முயன்று, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பாக்கெட்டிலிருந்து பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்துச் சின்னராசுவிடம் நீட்டினான்.

"வெசையாத் தொறங்க மாப்ள," என்றார் மாரப்பன். "வெயில்ல நிக்க முடியல."